வோல்சான் இளவரசர்: தம்பி அரசாண்ட காலத்தில் ஓர் அண்ணன்

வோல்சான் தேகுன் (1454–1488) கொரியாவின் ஜோசோன் அரச மரபைச் சேர்ந்த இளவரசர், கவிஞர். இயற்பெயர் யீ ஜோங். ஏழாம் மன்னர் செஜோவின் மூத்த பேரன். ஒன்பதாம் மன்னர் சோங்ஜோங்கின் உடன்பிறந்த அண்ணன். அரசியின் வயிற்றில் பிறந்த இளவரசர்களுக்கு உரிய பட்டமே ‘தேகுன்’. வயதை மட்டும் பார்த்திருந்தால் 1469-இல் அரியணை இவருக்கு வந்திருக்க வேண்டும். வந்தது தம்பிக்கு.

இவருடைய தந்தை உய்கியோங், செஜோவின் பட்டத்து இளவரசர். 1457-இல், கொரியக் கணக்கில் இருபது வயதில் இறந்துபோனார். அப்போது மூத்தவர் சிறு குழந்தை. இளையவர் அதே ஆண்டில்தான் பிறந்திருந்தார். பட்டத்துரிமை சிற்றப்பா யேஜோங்குக்குப் போனது. 1468-இல் அரசரான யேஜோங்கும் ஓராண்டைச் சற்றே தாண்டி, 1469-இன் இறுதியில் மறைந்தார்.

அன்று அரண்மனையில் மூன்று பேர் பெயர்கள் இருந்தன. முதலாவது, யேஜோங்கின் மகன் ஜெயான்; கொரியக் கணக்கில் நான்கு வயது. இரண்டாவது, பதினாறு வயது வோல்சான். மூன்றாவது, பதின்மூன்று வயதுத் தம்பி ஜால்சான், அதாவது பின்னாளைய சோங்ஜோங். முடிவெடுக்கும் உரிமை செஜோவின் மனைவியான மூத்த அரசி ஜோங்ஹுய் கையில் இருந்தது. ஜெயான் பச்சைக் குழந்தை, வோல்சான் சிறு வயது முதலே நோயாளி என்று இருவரையும் ஒதுக்கிய அவர், ஜால்சானைத் தேர்ந்தெடுத்தார். அந்தச் சிறுவனின் மனவுறுதியைக் கண்ட செஜோ, மரபை நிறுவிய தேஜோவோடு அவனை ஒப்பிட்டுப் பேசுவார் என்ற சான்றும் முன்வைக்கப்பட்டது. மன்னர் இறந்த அதே நாளிலேயே தம்பி முடிசூடிவிட்டார். துக்க வீட்டில் இத்தனை வேகம் எதற்கு என்ற கேள்வி எழாமல் இருக்காது.

விடை சம்பந்திகளிடம் இருக்கிறது. வோல்சானின் மாமனார் பாக் ஜுங்சோன் படைத்துறையில் பெயர் பெற்றவர். ஆனால் அரசவையின் திறவுகோல் அவரிடம் இல்லை. தம்பியின் மாமனாரோ ஹான் மியோங்ஹோ. 1453-இல் செஜோ ஆட்சியைக் கைப்பற்றிய கலகத்தைத் திட்டமிட்டவர் இவரே. முன்பு யேஜோங்குக்கும் ஒரு மகளைக் கொடுத்திருந்தார். அவள் இளவயதில் இறந்துவிட்டாள். இப்போது இன்னொரு மகள் அரசியாகப் போகிறாள். பேரன் சார்பில் ஆளவிருந்த பாட்டிக்கு அவையில் பலமான துணை தேவை. ஹானுக்கோ அரண்மனையில் பிடி தேவை. நோய் என்ற காரணம் முழுப் பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் அதுவே முழுக் காரணம் என்று நம்புவதும் கடினம்.

அரியணையை இழந்ததோடு ஆபத்து தீர்ந்துவிடவில்லை. அந்தக் குடும்பத்தில் அரசராகக்கூடிய ஆண்கள் பலர் படுக்கையில் இறக்கவில்லை. செஜோ தன் தம்பியரான ஆன்பியோங்கையும் கும்சோங்கையும் சாகவைத்து, அண்ணன் மகனான சிறுவன் டான்ஜோங்கின் முடியைப் பறித்தவர். டான்ஜோங் 1457-இல் நாடுகடத்தப்பட்ட இடத்தில் மாண்டார். சோங்ஜோங் முடிசூடிய சில வாரங்களிலேயே இன்னொரு பலியும் விழுந்தது. செஜோவின் தம்பி மகனான குய்சோங், 1467-இல் யீ சிஏ கலகத்தை அடக்கிய தளபதி. இருபதுகளிலேயே தலைமையமைச்சர் ஆனவர். அடுத்த அரசராகத் தகுந்தவர் என்று யாரோ பேசினார்கள் என்பதே அவர்மீதான குற்றம். 1470-இல் நாடுகடத்தப்பட்ட அவர் திரும்பி வரவே இல்லை. அதன்பின் அரச குலத்தாருக்கு அரசுப் பதவிகளின் கதவு மூடப்பட்டது.

இதையெல்லாம் அருகிருந்து பார்த்த வோல்சான் அரசியல் பக்கமே திரும்பவில்லை. 1471-இல் அவருக்குத் தேகுன் பட்டமும், புதிய ஆட்சிக்குத் துணைநின்றோருக்கான இரண்டாம் நிலை நற்பணியாளர் விருதும் கிடைத்தன. தன்னைத் தாண்டிப் போன முடிசூட்டுக்காகத் தனக்கே ஒரு விருது! மறுக்க முடியுமா? பெற்றுக்கொண்டார். பிறகு நூல்கள், மது, மலை, ஆறு என்று வாழ்ந்தார். இது துறவு மனம் என்று பிற்காலத்தார் புகழ்ந்தார்கள். உயிர் பிழைக்கும் அறிவும் அதில் கலந்திருந்தது என்றே எண்ணத் தோன்றுகிறது. ஒதுக்கப்பட்ட மற்றவரான ஜெயான் வளர்ந்தபின் அறிவு மந்தமானவராகப் பெயரெடுத்தார். தன்னைக் காத்துக்கொள்ள அவர் போட்ட வேடம் அது என்று அக்காலத்திலேயே சிலர் பேசினார்கள். அவர் 1525 வரை வாழ்ந்தார்.

தம்பி அண்ணனை மறக்கவில்லை. சோங்ஜோங் அண்ணன் வீட்டுக்கு வந்துபோவதும் இருவரும் கவிதை பரிமாறிக்கொள்வதும் வழக்கமாயின. அங்கிருந்த மண்டபத்துக்கு ‘காற்றும் நிலவும்’ என்று பொருள்படும் பூங்வோல்ஜோங் என்ற பெயரைச் சூட்டியவர் மன்னரே. அதையே வோல்சான் தன் புனைபெயராகக் கொண்டார். அவருடைய கவிதைத் தொகுப்பும் அந்தப் பெயரில்தான் வழங்குகிறது.

ஹான் ஆற்றங்கரையில் அவருக்கு இன்னொரு மண்டபமும் இருந்தது. அதைக் கட்டியவர் ஹியோரியோங் இளவரசர், 1424-இல். அவரும் இதே கதைக்காரர். 1418-இல் மன்னர் தேஜோங், மூத்த மகன் யாங்ன்யோங்கின் பட்டத்துரிமையைப் பறித்தபோது, இரண்டாம் மகனான ஹியோரியோங்கையும் தாண்டி மூன்றாமவருக்கு அதைக் கொடுத்தார். அந்த மூன்றாமவர்தான் ஹங்குல் எழுத்தை உருவாக்கிய செஜோங். ஹியோரியோங் பௌத்தத்தில் மூழ்கி, தொண்ணூறு வயதுவரை வாழ்ந்தார். அவருடைய மண்டபம் 1484-இல் வோல்சானிடம் வந்தது. அவர் அதைப் புதுப்பித்து மாங்வோன்ஜோங் என்று பெயர் மாற்றினார்.

ஆற்றின் மறுகரையில் ஹான் மியோங்ஹோவுக்கும் ஒரு மண்டபம் இருந்தது: ஆப்குஜோங். 1481-இல் சீனத் தூதருக்கு அங்கே விருந்து வைக்க, அரண்மனையில் பயன்படும் பந்தலைக் கேட்டு மன்னரின் கோபத்துக்கு ஆளானார், பதவியும் போயிற்று. மன்னரை உருவாக்கியவரின் மண்டபமும் மன்னராகாதவரின் மண்டபமும் இன்று சியோலின் இரு பகுதிகளுக்குப் பெயராக நிலைத்துவிட்டன. ஆப்குஜோங் பகுதி விலையுயர்ந்த கடைகளுக்குப் பெயர் போனது. மாங்வோன் பகுதிக்குச் சந்தை ஒன்றால் பெயர்.

வோல்சானின் பெயரில் வழங்கும் ஒரு சிஜோ பாடல் இன்றும் கொரியப் பள்ளி மாணவர்களுக்குத் தெரிந்தது. மூன்றே அடியில், இலையுதிர்கால இரவில் மீன் கிடைக்காமல் திரும்பும் ஒருவனின் படகைச் சொல்கிறது. ஆசையற்ற மனம் என்று ஆசிரியர்கள் விளக்குவார்கள். சீனத் துறவி ஒருவரின் பழைய பாட்டு அதற்கு மூலம் என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். எனவே அதை அப்படியே இளவரசரின் சொந்த வாக்குமூலமாகக் கொள்வது சரியல்ல. ஆனால் ஆயிரம் பாட்டுகளில் இந்தப் பாட்டை அவர் எடுத்துக்கொண்டதற்குப் பொருள் உண்டு.

1488-இல் தாய் இன்சு அரசி நோயுற்றபோது அருகிருந்து பார்த்துக்கொண்ட வோல்சான் தாமே நோயில் விழுந்து இறந்தார். கொரியக் கணக்கில் வயது முப்பத்தைந்து. தாய் பிழைத்து, 1504 வரை வாழ்ந்தார்.

மனைவி பாக் அம்மையாரின் கதை வேறு விதமாக முடிந்தது. சோங்ஜோங்கின் மகனான கொடுங்கோல் மன்னர் யோன்சான்-குன் தன் பட்டத்து இளவரசனை வளர்க்கும் பொறுப்பை இந்தப் பெரியம்மாவிடம் ஒப்படைத்திருந்தார். 1506-இல் அம்மையார் இறந்தபோது, மன்னர் அவரிடம் முறைகேடாக நடந்ததே காரணம் என்ற வதந்தி பரவி அரசவைக் குறிப்பிலும் ஏறியது. அந்தக் குறிப்பைத் தொகுத்தவர்கள் யோன்சானை வீழ்த்தியபின் ஆட்சிக்கு வந்தவர்கள். ஆகவே ஆய்வாளர் பலர் அதை ஐயத்தோடே படிக்கிறார்கள். அம்மையார் இறந்த சில வாரங்களில் மன்னரை அரியணையிலிருந்து இறக்கிய கலகத்தின் தலைவர் பாக் வோன்ஜோங், அம்மையாரின் உடன்பிறந்தவர்.

வோல்சானின் நகர வீட்டுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1592-இல் ஜப்பானியப் படையெடுப்பின்போது சியோலின் அரண்மனைகள் எரிந்தன. மறு ஆண்டு திரும்பிய மன்னர் சோன்ஜோ தங்க இடமின்றி இந்த வீட்டைத் தற்காலிக அரண்மனையாக்கினார். 1608-இல் அங்கேயே இறந்தார். அவருக்குப்பின் குவாங்ஹே-குன் முடிசூடியதும், அவரை வீழ்த்தி 1623-இல் இன்ஜோ முடிசூடியதும் இதே வளாகத்தில்தான். 1907 முதல் அதன் பெயர் தோக்சுகுங். சியோல் நகரமன்றத்துக்கு எதிரே உள்ள அந்த அரண்மனை இன்று பொதுமக்கள் பார்வைக்குத் திறந்திருக்கிறது.