முள் பிடித்த கை

ஜெயமங்கலத்தில் ஒரு வீட்டில் காதுகுத்தோ சடங்கோ வைத்தால், பத்திரிகை போய்ச் சேராதவர்களுக்கும் சேதி சொல்லிவிடுவது மைக் செட்தான். முதல் நாள் சாயங்காலமே குழாய் கட்டிவிடுவார்கள். சீர்காழி கோவிந்தராஜன் குரலில் பிள்ளையார் பாட்டு கிளம்பியதும், எந்தத் தெருவில் என்ன விசேஷம் என்று வயலில் நிற்பவர்கள்கூடக் கணக்குப் போட்டுவிடுவார்கள். வராக நதி பாயும் இந்தப் பெரியகுளம் வட்டாரத்தில் இது தலைமுறைகள் கண்ட வழக்கம். இன்று குழாய் இருந்த இடத்தில் ஆளுயர ஸ்பீக்கர் பாக்ஸ் நிற்கிறது. ரெக்கார்டு பிளேயர் இருந்த மேசையில் லேப்டாப் இருக்கிறது. அதை இயக்கும் பையனை ஊர் டி.ஜே. என்று கூப்பிடுகிறது.

கூடவே ஒரு குற்றச்சாட்டும் எழுந்திருக்கிறது. இசைத்தட்டில் முள் வைக்கத் தெரியாதவன், தட்டைத் தொட்டே பார்க்காதவன், பட்டனைத் தட்டிவிட்டுக் கையை ஆட்டிக்கொண்டு நிற்கிறான், இதெல்லாம் ஏமாற்று வேலை என்கிறார்கள் பழைய கைகள். நியூயார்க்கிலும் லண்டனிலும் வினைல் தட்டு வைத்து வாசித்த டி.ஜே.க்கள் இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சொல்லிவரும் புகாரும் இதுவே. இதில் எவ்வளவு நியாயம் என்று தெரிய வேண்டுமானால், மைக் செட் என்ற தொழில் நடந்து வந்த பாதையைத் திரும்பிப் பார்க்க வேண்டும்.

இந்தியாவில் முதன்முதலாக வணிகத்துக்காகப் பாட்டு பதிவானது 1902-ல், கல்கத்தாவில். கௌஹர் ஜான் பாடினார். 1908-ல் அங்கேயே தட்டு அச்சிடும் தொழிற்சாலையும் வந்தது. அந்தத் தட்டுகளில் அரக்கு கலந்திருக்கும். நிமிடத்துக்கு 78 சுற்று, ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடப் பாட்டு. எஃகு முள் சீக்கிரம் தேய்ந்துவிடும் என்பதால் டப்பா டப்பாவாக முள் வாங்கி வைக்க வேண்டும். சாவி கொடுத்துச் சுழலவிட்ட கிராமபோன் பெட்டி பெரிய வீட்டுச் சொத்து. அது தெருவுக்கு வர மின்சாரமும் ஆம்பிளிஃபயரும் வர வேண்டியிருந்தது. டில்லியில் 1940-ல் தொடங்கிய அகுஜா நிறுவனத்தின் ஆம்பிளிஃபயர்களும் குழாய்களும் தமிழ்நாட்டுக் கிராமங்கள் வரை பரவின. கரண்ட் எட்டாத ஊர்களில் பேட்டரியை வைத்தே ஓட்டினார்கள்.

அப்போதும் ‘ஏமாற்று’ என்ற சொல் எழுந்தது, குறி வேறு. அதுவரை விசேஷத்துக்கு இசை என்றால் ஆள் வந்து வாசிப்பது என்றுதான் பொருள். நையாண்டி மேளம், உறுமி, தப்பு, நாகஸ்வரம் எல்லாம் மூச்சும் கையும் கொடுத்து எழுப்பும் ஓசை. அந்த இடத்துக்கு, பெட்டியில் அடைத்த பாட்டைக் கொண்டுவந்தவர்தான் மைக் செட்காரர். வாத்தியம் வாசிக்கத் தெரியாத ஒருவர் முள்ளைத் தூக்கி வைத்துக் கூலி வாங்கியது மேளக்காரர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? இன்று லேப்டாப்பைப் பார்த்து முகம் சுளிக்கும் தொழிலே ஒரு காலத்தில் அதே சுளிப்பைச் சந்தித்துத்தான் வளர்ந்தது.

இந்த இடத்தைச் சும்மா கடந்துபோக முடியாது. தமிழக ஊர்களில் தப்படிப்பது பலருக்கு விருப்பத் தொழிலாக இருக்கவில்லை. சாவுக்கும் சாமிக்கும் அடித்தே ஆக வேண்டும் என்று குறிப்பிட்ட சாதியினர் மேல் சுமத்திய கடமை அது. இயந்திரம் அவர்களில் சிலரின் வயிற்றில் அடித்தது உண்மை. கட்டாயத்தின் பிடியைச் சற்றுத் தளர்த்தியதும் அதே இயந்திரம்தான். கருவி மாறும்போது கலை போச்சே என்று புலம்புகிறவர்கள், பழைய கருவியை யார் யாருக்காக எந்த நிலையில் நின்று வாசித்தார்கள் என்பதையும் சேர்த்தே பேச வேண்டும்.

இனி மைக் செட்காரரின் கைவேலைக்கு வரலாம். முள் வைப்பது மட்டுமே அவர் வேலை என்று நினைப்பது அறியாமை. ரெக்கார்டு பிளேயரில் 33, 45, 78 என்று வேகம் மாற்ற ஒரு நெம்பி இருக்கும். தட்டு மாறும்போது அதையும் மாற்றாவிட்டால் சௌந்தரராஜன் குரல் குழந்தைக் குரலாகிவிடும், சுசீலா குரல் இழுபடும். எல்.பி. தட்டின் ஒரு பக்கத்தில் ஐந்தாறு பாட்டு இருந்தால், மூன்றாவது பாட்டு தொடங்கும் மெல்லிய இடைவெளியைக் கண்ணால் பிடித்து, மங்கலான பந்தல் வெளிச்சத்தில், கை நடுங்காமல் முள்ளை இறக்க வேண்டும். கீறல் விழுந்த தட்டு ஒரே வரியில் மாட்டிக்கொண்டால் பிளேயரின் முள் பிடிக்கும் கையின் மேல் காலணா வைத்துப் பாரம் ஏற்றுவது அந்தக் காலத்து வைத்தியம். வெயிலில் விட்டால் தட்டு வளைந்துவிடும், மழைச்சாரல் பட்டால் ஆம்பிளிஃபயர் போய்விடும். குழாயை எந்த ஊர்ப் பக்கம் திருப்பிக் கட்டுவது என்பதிலும் நுணுக்கம் உண்டு. சம்பந்தி ஊரின் திசைக்கு ஒரு குழாய் அவசியம்.

இத்தனைக்கும் மேலே ஒரு திறமை இருந்தது. நேரம் அறிவது. விடிகாலையில் பக்திப் பாட்டு. தாய்மாமன் சீர்வரிசை தெருமுனையில் திரும்பும்போது ‘பாசமலர்’ (1961) படத்தின் அண்ணன் தங்கை பாட்டு. பெண் மாப்பிள்ளை வீட்டு வாசல் மிதிக்கையில் ‘சாரதா’ (1962) படத்துக்காகப் பஞ்சு அருணாசலம் எழுதிய மருமகளை வரவேற்கும் பாட்டு. அம்மன் கோயில் திருவிழா என்றால் எல்.ஆர்.ஈஸ்வரி. மொய் வாசிக்கத் தொடங்கியதும் பாட்டைத் தணித்து, தொகையும் பெயரும் தெளிவாகக் கேட்கவிட்டு, வரிசை சற்று ஓய்ந்ததும் மறுபடி பாட்டை ஏற்ற வேண்டும். மதியம் கூட்டம் அசந்திருக்கும் வேளையில் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’, ‘திருவிளையாடல்’ என்று கதைவசனத் தட்டுகள் ஓடும். பந்தலில் இருப்பவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டே அடுத்த தட்டை உறையிலிருந்து உருவிய அந்த ஆள், அந்தப் பெயர் இல்லாமலேயே டி.ஜே.தான்.

இது ஒப்புக்குச் சொல்லும் பேச்சு இல்லை. டி.ஜே. என்ற கலையின் வேரும் இதே போன்ற தெரு ஒலிபெருக்கிதான். 1950களில் ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில், பெரிய ஸ்பீக்கர்களைத் திறந்த வெளியில் அடுக்கி, அமெரிக்கத் தட்டுகளைப் போட்டு ஊரையே ஆடவிட்ட ‘சவுண்ட் சிஸ்டம்’காரர்கள் இருந்தார்கள். எந்தத் தட்டு என்று போட்டிக்காரனுக்குத் தெரியக்கூடாது என்று லேபிளைச் சுரண்டி எடுத்துவிட்டு ஓட்டினார்கள். அந்த நகரில் பிறந்து நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதிக்குக் குடிபோனவர் கூல் ஹெர்க். 1973 ஆகஸ்ட் 11 அன்று செட்ஜ்விக் அவென்யூவில் தன் தங்கை நடத்திய விருந்தில் அவர் தட்டு போட்டார். ஜனம் அதிகம் ஆடுவது பாட்டின் நடுவில் தாளம் மட்டும் வரும் இடத்தில்தான் என்பதைக் கவனித்த அவர், அந்தத் துண்டையே இரண்டு தட்டுகளில் மாற்றி மாற்றி நீட்டினார். ஹிப் ஹாப் அந்த வழியில் பிறந்தது. கூட்டத்தின் காலைப் பார்த்து இசையை அமைத்தார் என்பதே அவர் செய்த புதுமை. மொய் வாசிக்கும்போது ஒலியைத் தணித்தவருக்கும் அவருக்கும் தூரம் அதிகமில்லை.

நம் வட்டாரத்தில் அடுத்து வந்தது கேசட். பிலிப்ஸ் நிறுவனம் 1963-ல் அறிமுகப்படுத்திய இந்தச் சிறு டப்பா 1980களில் தமிழ்நாட்டின் டீக்கடை, பஸ், வீடு எல்லாவற்றிலும் நுழைந்தது. ‘விதி’ (1984) படத்தின் நீதிமன்ற வசனம் பாட்டைவிட அதிகமாக ஒலித்தது அந்த நாடாவில்தான். தட்டில் பணம் போட்டிருந்த மைக் செட்காரர்களுக்கு அடி. கேசட்டைத் திணித்தால் அதுபாட்டுக்கு அரை மணி நேரம் ஓடுமே, அதில் என்ன திறமை என்று அன்றும் கேட்டார்கள். ஆனால் கேசட்தான் ஒரு புதிய கையையும் உருவாக்கியது. பஜார் தெருக்களில் பாட்டுப் பதிவு செய்துதரும் கடைகள் முளைத்தன. வெற்று நாடாவையும் பாட்டுப் பட்டியலையும் கொடுத்துவிட்டு வந்தால், ஏ பக்கம், பி பக்கம் நேரம் கணக்கிட்டு, ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துத் தருவார்கள். எந்தப் பாட்டுக்குப் பின் எது என்ற ஞானம் இல்லாதவர் கடையில் இரண்டாவது முறை யாரும் ஏறவில்லை.

இந்தக் கதையில் பண்ணைப்புரத்தை விட்டுவிட முடியாது. கம்பம் பள்ளத்தாக்கின் அந்த ஊரிலிருந்து பாவலர் வரதராஜன் தம்பிகளோடு ஆர்மோனியமும் தபேலாவுமாகக் கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் பாடினார். 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் ரோசம்மா புன்னூஸுக்காக மலை ஏறிப்போய்ப் பாடிய அந்தக் குழுவில், பின்னாளில் இளையராஜா ஆன சிறுவன் ராசையாவும் இருந்தார். சென்னைக்குப் போக, அம்மா சின்னத்தாய் வீட்டு ரேடியோவை விற்று 400 ரூபாய் கொடுத்ததை இளையராஜாவே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். 1976-ல் வந்த ‘அன்னக்கிளி’ படத்தில் அவரை அறிமுகப்படுத்திய பஞ்சு அருணாசலம்தான் அந்த மருமகள் பாட்டையும் எழுதியவர் என்பது மைக் செட் உலகத்துக்குப் பொருத்தமான உறவு.

அதே இளையராஜா 1986-ல் ‘புன்னகை மன்னன்’ படத்தில் கம்ப்யூட்டர் கொண்டு இசை அமைத்தார். அந்தப் பணியில் கூட இருந்த இளைஞர்தான் பின்னாளின் ஏ.ஆர்.ரஹ்மான். கையால் ஸ்வரக் குறிப்பு எழுதி, நூறு வாத்தியக்காரர்களை நடத்தத் தெரிந்த ஒருவர் இயந்திரத்தைத் தொட்டதை யாரும் ஏமாற்று என்று சொல்லத் துணிய மாட்டார்கள். இதற்கு நான்கு ஆண்டு முன்பு, 1982-ல், பிரிட்டனின் இசைக்கலைஞர் சங்கத்தின் லண்டன் கிளை சிந்தசைசருக்கும் டிரம் மெஷினுக்கும் தடை கேட்டுத் தீர்மானமே போட்டது. அவர்கள் பயத்தில் அர்த்தம் இல்லாமல் இல்லை. ஸ்டுடியோக்களில் வயலின் வரிசைகள் சுருங்கியது எல்லோரும் அறிந்ததே. பிழைப்பு போவது நிஜமான துயரம், அதற்கு நிஜமான தீர்வு வேண்டும். அதை ஏமாற்று என்று பெயரிட்டால் துயரமும் தீராது, கலையும் விளங்காது.

குழாயைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கூம்புக் குழாய் மனிதக் குரலை வெட்டிக்கொண்டு வெகுதூரம் கொண்டுபோகும். அடிச்சத்தம் அதில் வராது. இளையராஜா பாட்டுகளில் ஓடும் பேஸ் கிட்டார் வேலையை, அவர் பிறந்த பள்ளத்தாக்கின் திருவிழாக்களே ஆண்டுக்கணக்கில் அரைகுறையாகத்தான் கேட்டிருக்கும். பாக்ஸ் வந்த பிறகுதான் அது நெஞ்சில் இடித்தது. பழையதே எப்போதும் முழுமையானது என்று நினைப்பவர்கள் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இப்போது டி.ஜே. மேசை. வினைல் டி.ஜே.யின் பெருமை இரண்டு தட்டுகளின் தாளத்தைக் காதாலேயே ஒன்றாக்குவது. ஒரு காதில் ஹெட்போன், மறு காதில் கூடத்தின் சத்தம், விரல் வேகக் குமிழில். 1972-ல் வந்த டெக்னிக்ஸ் எஸ்.எல். 1200 பிளேயர் இந்தக் கலையின் உலகக் கருவி ஆனது. கற்க வருடங்கள் ஆகும். 2000களின் தொடக்கத்தில் ஃபைனல் ஸ்கிராட்ச், பிறகு செராட்டோ என்ற மென்பொருள்கள் வந்தன. அவற்றோடு வரும் தட்டில் பாட்டே இராது, நேரக் குறியீடு மட்டும் இருக்கும். தட்டைச் சுழற்றினால் கம்ப்யூட்டரில் உள்ள பாட்டு சுழலும். அதற்கும் அடுத்த கட்டத்தில் ‘சிங்க்’ பட்டன், அழுத்தினால் இரண்டு பாட்டின் வேகமும் தானே ஒன்றாகிவிடும்.

காதால் தாளம் சேர்ப்பது பெரிய திறமை, அது தேவையற்றுப் போனது இழப்புதான். ஆனால் அந்தத் திறமை மட்டுமே டி.ஜே. என்றால் தாளம் தட்டும் மெட்ரோனோம் கருவியும் டி.ஜே. ஆகியிருக்கும். எந்தப் பாட்டை, எப்போது, எதற்குப் பின் என்ற கேள்விக்கு எந்தப் பட்டனும் பதில் சொல்வதில்லை. ஆகவே லேப்டாப் ஏமாற்று அல்ல. ஏமாற்று வேறு இடத்தில் இருக்கிறது. யாரோ கலந்து வைத்த ஒரு மணி நேர நான்ஸ்டாப்பைப் பென்டிரைவில் கொண்டுவந்து ஓடவிட்டு, மிக்ஸர் குமிழைத் திருகுவதுபோல் பாவனை செய்துவிட்டு, வாசித்ததாகக் கூலி வாங்குவதுதான் ஏமாற்று. தாய்மாமன் வாசலுக்கு வந்து நிற்கும்போதும் அந்தக் கோப்பு தன் வரிசையிலேயே ஓடிக்கொண்டிருக்கும். இதே தவறைத் தட்டுக் காலத்திலும் செய்ய முடிந்தது. எல்லா வீட்டுக்கும் ஒரே வரிசையில் தட்டு போட்டவர்களும் கூட்டத்தை ஏறெடுத்துப் பார்க்காதவர்கள்தான்.

ஏமாற்றைத் தவிர இன்னொரு குறையும் உண்டு, சத்தம். இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்ற மத்திய அரசின் ஒலி மாசு விதிகள் 2000-ல் வந்தன. விடிய விடியக் குழாய் பாடிய காலம் அதோடு முடிந்தது. நோயாளியும் படிக்கும் பிள்ளையும் தூங்க வேண்டும், அதில் மறுபேச்சு இல்லை. இன்று நெஞ்சு அதிரப் பாக்ஸ் அடுக்குகிறவர்கள் சத்தத்தைத் திறமை என்று எண்ணுவதுதான் இந்தத் தொழிலின் உண்மையான வீழ்ச்சி.

ஜெயமங்கலத்திலிருந்து கம்பத்தை அடுத்த கூடலூர் வரை, பழைய ஒலி-ஒளி அமைப்பாளர்களின் வீட்டுப் பரணில் தட்டுகளும் வால்வு ஆம்பிளிஃபயர்களும் எந்த விசேஷத்துக்கு எத்தனை குழாய் என்று எழுதிய நோட்டுகளும் இருந்தால், அவற்றைப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். டி.ஜே. தம்பிகள் அந்தப் பெரியவர்களிடம் ஒரு மதியம் உட்கார்ந்து, எந்தச் சடங்குக்கு எந்தப் பாட்டு போட்டார்கள், ஏன் போட்டார்கள் என்று கேட்டு, அதைத் தங்கள் லேப்டாப்பிலேயே பதிந்து வைக்கட்டும்.