ரென்னி-டெய்லர், ஹென்றி

ஹென்றி வா ரென்னி-டெய்லர் (1849–1920) ஸ்காட்லாந்துக் கால்பந்து வீரர். பிரிட்டிஷ் இராணுவப் பொறியாளர் படையான ராயல் இன்ஜினியர்ஸின் அதிகாரி. இந்தியாவில் முசோரியில் பிறந்தார்.

எஃப்.ஏ. கோப்பையின் முதல் இறுதியாட்டத்தில் (1872) அவரது படை அணி வாண்டரர்ஸிடம் 0–1 எனத் தோற்றது. 1874 இறுதியிலும் தோல்வி. 1875இல் ஓல்ட் எட்டோனியன்ஸை மறு ஆட்டத்தில் வென்று கோப்பையைக் கைப்பற்றியது. தனியாளாகப் பந்தை உருட்டிச் செல்வதே ஆட்டம் என்றிருந்த நாளில், சகவீரருக்குத் தட்டிவிட்டுக் கூட்டாக ஆடியது இவ்வணி. இராணுவ ஒழுங்கின் பயன் என்றே இதைச் சொல்லலாம்.

1873 மார்ச் 8 அன்று லண்டன் ஓவல் திடலில் ஸ்காட்லாந்தை இங்கிலாந்து 4–2 என வென்றது. அதற்கு முந்தைய ஆண்டு நடந்த முதல் சர்வதேச ஆட்டம் கோலின்றி முடிந்ததால், ரென்னி-டெய்லர் அன்று அடித்ததே ஸ்காட்லாந்தின் முதல் சர்வதேச கோல். இங்கிலாந்தின் முதல் கோலும் அதே ஆட்டத்தில்தான் விழுந்தது. அடித்த கென்யன்-ஸ்லேனியும் இராணுவ அதிகாரி, ராஜ்கோட்டில் பிறந்தவர். வியப்பான ஒற்றுமை; இந்தியாவில் அதிகம் பேசப்படாதது.

ரென்னி-டெய்லர் 1872இல் ரக்பியிலும் ஸ்காட்லாந்துக்கு ஆடினார். கென்ட் அணிக்காகக் கிரிக்கெட் ஆடினார். கர்னலாக ஓய்வு பெற்றபின் டப்ளின் கின்னஸ் மதுபான ஆலையின் நிர்வாக இயக்குநரானார்.