நகுமோ தேற்றமும் முடிவிலிப் பரிமாண வெளிகளும்

ஒரு கணத்திற்குள் தொடங்கும் வகையீட்டுச் சமன்பாட்டின் தீர்வு அக்கணத்தை விட்டு வெளியேறாமல் இருக்குமா? இக்கேள்விக்கு 1942 இல் சப்பானியக் கணிதவியலாளர் மிட்டியோ நகுமோ விடை கண்டார். மூடிய கணத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் திசைவேகம் அப்புள்ளியின் தொடுகூம்பில் அமைந்தால், கணத்திற்குள்ளேயே ஓடும் தீர்வு ஒன்றேனும் உண்டு. எளிமையாகச் சொன்னால், விளிம்பில் நிற்கும் புள்ளியைத் திசைவேகம் வெளியே தள்ளக் கூடாது. போர்க்காலத்தில் சப்பானிய இதழொன்றில் செருமன் மொழியில் வெளியான இக்கட்டுரை அதிகம் பேரை எட்டவில்லை. பின்னாளில் பலர் இத்தேற்றத்தைத் தாமாகவே மீண்டும் கண்டறிந்தனர்.

ஒரே திசைவேகத்துக்குப் பதிலாக, ஒரு திசைவேகக் கணத்திலிருந்து எதையும் தேர்ந்துகொள்ளலாம் எனில் அது வகையீட்டு உள்ளடக்கம் எனப்படும். 1930களில் பிரான்சில் மார்ஷோவும் போலந்தில் சரேம்பாவும் இதனை ஆராயத் தொடங்கினர். இங்கு நிபந்தனை தளர்கிறது: கிடைக்கும் திசைவேகங்களுள் ஒன்று தொடுகூம்பில் இருந்தால் போதும். ஆனால் திசைவேகக் கணங்கள் குவிவாகவும் கச்சிதமாகவும் இருக்க வேண்டும். புள்ளி சற்றே நகரும்போது அவை திடீரென விரிந்துவிடவும் கூடாது.

இவையெல்லாம் முடிவுறு பரிமாணத்திற்கே பொருந்தும். நிறுவலில் சிறுசிறு நேர்கோட்டுத் துண்டுகளால் ஆன தோராயத் தீர்வுகள் அமைக்கப்படுகின்றன. பின்னர் அவற்றிலிருந்து ஒருங்கும் துணைத் தொடர்முறை ஒன்று பிரித்தெடுக்கப்படுகிறது. மூடிய வரம்புள்ள கணம் கச்சிதமானது என்பதே இதற்கு அடிப்படை. முடிவிலிப் பரிமாணத்தில் அது உண்மையன்று.

இழப்பு எவ்வளவு பெரியது என்பதை 1950 இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் ழான் டியுடொனே காட்டினார். அவர் எடுத்துக்கொண்டது, சுழியை நோக்கி ஒருங்கும் தொடர்முறைகளின் வெளி. தொடர்முறையின் ஒவ்வோர் உறுப்பும் மாறும் வீதம், அவ்வுறுப்பின் தனிமதிப்பின் வர்க்கமூலத்துடன் அதன் வரிசை எண்ணின் தலைகீழியைக் கூட்டிய தொகை. சமன்பாட்டின் வலப்பக்கம் தொடர்ச்சியானதே. எனினும் சுழியிலிருந்து தொடங்கினால், எவ்வளவு குறுகிய நேரத்திலும் எல்லா உறுப்புகளும் நேரத்தின் வர்க்கத்தில் கால் பங்கைத் தாண்டிவிடுகின்றன. அப்படியானால் தொடர்முறை சுழியை நோக்கி ஒருங்க முடியாது. கணத்தை விட்டன்று, வெளியை விட்டே வெளியேற வேண்டிய நிலை. ஆகவே தீர்வே இல்லை! கட்டுப்பாடு எதுவும் விதிக்கப்படாதபோதே இந்நிலை. 1975 இல் கோடுனோவ், முடிவிலிப் பரிமாணமுள்ள பனாக் வெளி ஒவ்வொன்றிலும் இத்தகைய எடுத்துக்காட்டு உண்டு என நிறுவினார்.

எனவே கச்சிதத் தன்மையை வேறெங்கிருந்தாவது பெற வேண்டியிருந்தது. கட்டுப்பாட்டுக் கணத்தையே கச்சிதமானதாகக் கொள்வது எளிய வழி. ஆனால் முடிவிலிப் பரிமாணத்தில் அத்தகைய கணங்களுக்கு உட்புள்ளிகளே இல்லாததால் பயன் குறைவு. உருமேனியக் கணிதவியலாளர் நிக்கோலாய் பவெல் 1977 இல் எடுத்த வழி இயல்பானது. வெப்பச் சமன்பாடு போன்றவற்றில் பரவலே தீர்வை மென்மையாக்குகிறது. தேவையான கச்சிதத் தன்மை அங்கிருந்தே கிடைக்கிறது. பின்னர் இம்முறை வகையீட்டு உள்ளடக்கங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. இத்துறையை ழான்-பியர் ஓபன் 1991 இல் தனி நூலாகத் தொகுத்தார்.