வெளியார் கருவிகளும் வாசகர் கொடுத்த விலையும்: இயங்கு எழுத்துரு முதல் மத்தளம்பாறை வரை

முன்னுரை

ஓர் இணையதளத்தைத் திறந்ததும் திரையில் தெரிவது முழுவதும் அதன் உரிமையாளர் உருவாக்கியதாக இருப்பதில்லை. பக்கவாட்டில் ஓடும் வருகை எண்ணி, கட்டுரைக்குக் கீழே நிற்கும் பகிர்வுப் பொத்தான், நடுவில் இயங்கும் காணொளி, மூலையில் எட்டிப் பார்க்கும் உரையாடல் பெட்டி, வரைபடம், வானிலைப் பலகை முதலியவை பெரும்பாலும் வேறொரு நிறுவனத்தின் வழங்கியிலிருந்து வருகின்றன. தளத்துக்காரர் செய்வது நாலைந்து வரி நிரலை நகலெடுத்துத் தம் பக்கத்தில் ஒட்டுவது மட்டுமே. இவ்வாறு பிறரிடமிருந்து பெற்றுப் பொருத்தும் விட்ஜெட்டுகளையும் நிரல்களையும் இக்கட்டுரை 'வெளியார் கருவிகள்' என்று குறிக்கிறது. இவற்றின் வரலாறு வழக்கமாக வசதி பெருகிய வரலாறாகவே சொல்லப்படுகிறது. தமிழ் இணையத்தின் சான்றுகளைக் கால வரிசையில் வைத்துப் பார்த்தால் வேறொரு போக்கு புலப்படும். கருவிக்கான செலவை ஏற்றவர் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறார்: முதலில் ஆர்வலர், அடுத்து தமக்கே தெரியாமல் வாசகர், அண்மைக் காலத்தில் மெல்ல மெல்லத் தளத்துக்காரர். இந்த மூன்றாம் கட்டத்தைப் புரிந்துகொள்ள உதவும் இடம் தென்காசிக்கு அருகே குற்றால மலைச்சாரலை ஒட்டிய மத்தளம்பாறை. ஒரு கருவியின் பயனை அளக்க அதன் வசதியை மட்டும் பார்த்தால் போதாது, அதன் விலையை யார் தருகிறார் என்றும் கேட்டாக வேண்டும் என்பதே இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்து.

ஆர்வலர்கள் சுமந்த காலம்

பிளாகர் சேவை 1999இல் தொடங்கியது; 2003 பிப்ரவரியில் அதைக் கூகுள் வாங்கியது. அதே ஆண்டு மே மாதம் வேர்ட்பிரஸ் வெளிவந்தது. தமிழில் பதிவுகள் பரவத் தொடங்கியதும் இந்த 2003ஆம் ஆண்டை ஒட்டித்தான். அப்போது பல கணினிகளில் யுனிகோடு தமிழ் எழுத்து கிடையாது. எழுதியவர் தமிழில் எழுதினாலும் படிப்பவர் திரையில் கட்டங்களும் கேள்விக்குறிகளுமே வந்தன. ஆகவே தமிழ்ப் பதிவர்கள் தம் டெம்ப்ளேட்டில் முதலில் ஒட்டிய வெளியார் கருவி அலங்காரத்துக்கோ விளம்பரத்துக்கோ ஆனதன்று, அது எழுத்துரு. அதிராம்பட்டினத்தைச் சேர்ந்த உமர்தம்பி உருவாக்கிய 'தேனீ' இயங்கு எழுத்துருவை ஒரு சிறு நிரல் வரியால் இணைத்துவிட்டால், இன்டர்நெட் எக்ஸ்புளோரர் உலாவியில் பக்கம் திறக்கும்போதே எழுத்துருவும் இறங்கித் தமிழ் தெளிவாகத் தெரிந்தது. சுரதா யாழ்வாணனின் எழுத்துருமாற்றி, பழைய குறியாக்கங்களில் கிடந்த எழுத்தை யுனிகோடுக்குக் கொண்டுவந்தது. முகுந்தராஜின் எ-கலப்பை தட்டச்சைத் தந்தது. இவற்றைப் பயன்படுத்தியவர் காசு கொடுக்கவில்லை. உழைப்பையும் செலவையும் உருவாக்கியவர்களே சுமந்தார்கள்.

2004 ஆகஸ்டில் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணம் இந்தக் கொடை மரபை அடுத்த நிலைக்குக் கொண்டுசென்றது. சிதறிக் கிடந்த பதிவுகளை ஒரே பக்கத்தில் திரட்டித் தந்ததோடு, ஒவ்வொரு பதிவிலும் பொருத்தத்தக்க ஒரு கருவிப்பட்டையையும் அது அளித்தது. பதிவர் புதிய இடுகையை அந்தப் பட்டை வழியாகவே திரட்டிக்கு அனுப்பினார். வாசகர் அதிலேயே வாக்களித்தார். பின்னர் வந்த தமிழிஷ், 2010இல் இன்ட்லி எனப் பெயர் மாறியபோதும், வாக்குப்பட்டை முறையையே பின்பற்றியது. பெரிய ஊடகத்தின் துணையின்றித் தமிழ் எழுத்து தன் வாசகரைத் தேடிக்கொண்டதில் இந்தப் பட்டைகளுக்குப் பெரும் பங்குண்டு. அதே சமயம் வெளியார் கருவியின் அடிப்படைப் பலவீனமும் இக்காலத்திலேயே வெளிப்பட்டது. பக்கத்தின் நடுவே ஒட்டிய நிரல், திரட்டியின் வழங்கியிலிருந்து பதில் வரும்வரை மீதிப் பக்கத்தைக் காட்டாமல் நிறுத்திவைக்கும். திரட்டி திணறினால் அதோடு இணைந்த பதிவுகளும் திணறும். திரட்டி நின்றுபோனால் பட்டை இருந்த இடம் வெறுமையாகும். நல்லெண்ணத்தோடு நடத்தப்பட்ட சேவையும் நடத்துபவரின் நேரம், பணம், உடல்நலம் ஆகியவற்றைச் சார்ந்தது. அவை தீர்ந்ததும் சேவையும் தீர்ந்துவிடும்.

வாசகர் அறியாமல் கொடுத்த விலை

2006 இறுதியில் பிளாகரின் புதிய பதிப்பு வந்தபின் நிரல் தெரியாதவரும் பக்க உறுப்புகளை இழுத்துப் பொருத்த முடிந்தது. சைட்பார்கள் கருவிகளால் நிறைந்தன. இந்த எளிமைக்கு அடியில் இருந்த தொழில்நுட்ப உண்மையைப் பலர் கவனிக்கவில்லை. வெளியார் உள்ளடக்கத்தை ஒரு பக்கத்தில் சேர்க்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று ஐஃபிரேம்: அது தனிச் சட்டத்துக்குள் இயங்கும், சுற்றியுள்ள பக்கத்தைத் தொட முடியாது. மற்றொன்று ஸ்கிரிப்ட்: அது தளத்தின் சொந்த நிரலுக்குரிய எல்லா உரிமைகளோடும் இயங்கும். வாசகர் தட்டச்சு செய்வதைப் படிக்கலாம், பக்கத்தை மாற்றலாம், வேறு நிரல்களை அழைக்கலாம். வீட்டுச் சாவியின் நகலை வெளியூர்க்காரரிடம் கொடுத்துவைப்பதற்கு இது ஒப்பானது. இரண்டு வழிகளிலும் வாசகரின் இணைய முகவரியும் உலாவியின் விவரமும் வெளியார் வழங்கிக்குச் செல்கின்றன. எந்தத் தளத்திலிருந்து அழைப்பு வந்தது என்பதும் பெரும்பாலும் சேர்ந்தே செல்கிறது. குக்கீயும் சேர்ந்தால் அதே வாசகரைப் பல தளங்களில் அடையாளம் காண முடியும்.

2005 நவம்பரில் கூகுள், தளத்தின் வருகைகளை அளக்கும் தன் அனலிட்டிக்ஸ் சேவையை இலவசமாக வழங்கியது. 2010 ஏப்ரலில் ஃபேஸ்புக் தன் விருப்பப் பொத்தானைப் பிற தளங்களுக்குத் திறந்துவிட்டது. வாசகர் அதை அழுத்தாவிட்டாலும், பொத்தான் உள்ள பக்கத்தைத் திறந்த செய்தி அந்நிறுவனத்துக்குச் சென்றது. தமிழ்த் தளங்களைப் பொறுத்தவரை இந்தப் பரிமாற்றம் இன்னும் சமனற்றதாக இருந்தது. கூகுளின் ஆட்சென்ஸ் விளம்பரச் சேவை தமிழை ஏற்றது 2018 பிப்ரவரியில்தான். அனலிட்டிக்ஸ் நிரல் கிடைத்ததற்கும் விளம்பர வருவாய்க்கு வழி பிறந்ததற்கும் இடையே பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி. அந்தக் காலமெல்லாம் தமிழ் வாசகரைப் பற்றிய தகவல் வெளியே போய்க்கொண்டிருந்தது; தமிழ்த் தளத்துக்காரருக்குக் கிடைத்தது வருகை எண்ணிக்கை மட்டுமே. இலவசம் என்று பெறப்பட்ட கருவிக்கு வாசகரே விலையாக இருந்தார் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

பெரு நிறுவனத்தின் கருவி நிலைத்து நிற்கும் என்ற நம்பிக்கையும் பொய்த்தது. 2019இல் கூகுள் பிளஸ் மூடப்பட்டபோது, பிளாகரில் அதன் வழியாக எழுதப்பட்ட மறுமொழிகளும் மறைந்தன. புதிய இடுகைகளை வாசகருக்கு அனுப்பிவந்த ஃபீட்பர்னரின் மின்னஞ்சல் சந்தா 2021இல் நின்றது. ஆரக்கிள் வாங்கியிருந்த ஆட்திஸ் பகிர்வுப் பொத்தான் 2023 மே மாதத்தோடு முடிந்தது. இழப்பைவிடக் கடுமையானது ஆபத்து. 2018 பிப்ரவரியில், பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்காகப் பக்கத்தை வாசித்துக் காட்டும் பிரௌஸ்அலவுட் கருவியின் நிரலை யாரோ மாற்றினார்கள். அதைப் பொருத்தியிருந்த 4,000க்கும் மேற்பட்ட தளங்களின் வாசகர் கணினிகள் மறைநாணயம் எடுக்கப் பயன்பட்டன. பிரிட்டன் அரசின் தளங்களும் அவற்றில் அடக்கம். 2024இல் பாலிஃபில் என்ற நிரல் சேவையின் முகவரி வேறு கைக்கு மாறியபின், அதை அழைத்த 1,00,000க்கும் மேற்பட்ட தளங்கள் வழியாகத் தீய நிரல் பரவியது. இரண்டு நிகழ்வுகளிலும் தளத்துக்காரர் புதிதாக எந்தத் தவறும் செய்யவில்லை. என்றோ ஒட்டிய ஒரு வரியே போதுமானதாக இருந்தது.

மத்தளம்பாறை காட்டும் வேறு வழி

1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கி 2009இல் ஜோஹோ எனப் பெயர் மாறிய மென்பொருள் நிறுவனம், 2011இல் மத்தளம்பாறையில் ஓர் அலுவலகம் திறந்தது. பின்னர் அங்கே அதன் தொழிற்பயிற்சிப் பள்ளியும் அமைந்தது. நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு 2019இல் அமெரிக்காவிலிருந்து வந்து தென்காசிப் பகுதியிலேயே குடியேறினார். வாடிக்கையாளர் குறைதீர்ப்புக்கான ஜோஹோ டெஸ்க் என்ற மென்பொருள் இந்த மலையடிவார அலுவலகத்தில் வளர்ந்ததுதான். அதனோடு வரும் உதவிப் பெட்டியை எந்தத் தளத்திலும் ஒரு சிறு நிரலால் பொருத்தலாம். மற்றவர் கருவிகளை ஒட்டிக்கொண்டிருந்த தமிழ் இணையத்தின் ஒரு மூலையிலிருந்தே உலகத் தளங்கள் பொருத்திக்கொள்ளும் வெளியார் கருவி உருவாகிப் போகிறது. இதில் புவியியல் பெருமையைவிட முக்கியமானது வணிக முறை. நிறுவனம் விளம்பரம் விற்பதில்லை. பயன்படுத்துபவரிடம் கட்டணம் வாங்குகிறது. 2020இல் தன் தளங்களிலிருந்து மூன்றாம் தரப்புப் பின்தொடர்வு நிரல்களை நீக்கியதாகவும் அறிவித்தது. கருவிக்கான செலவு வாசகரிடமிருந்து விலகித் தளத்துக்காரரிடம் வந்து சேர்கிறது.

இதற்கு மூன்று மறுப்புகள் எழக்கூடும். முதலாவது: ஜோஹோவும் வெளியார்தானே, அதன் சேல்ஸ்ஐக்யூ கருவியே தளத்துக்கு வருவோரின் நடமாட்டத்தைக் காட்டுகிறதே என்பது. இது நியாயமான மறுப்பு. கட்டணம் வாங்குவதாலேயே ஒரு கருவி தூய்மையாகிவிடாது. ஆனால் கட்டண உறவில் தகவல் யாருக்காகத் திரட்டப்படுகிறது என்பது வரையறைக்கு உட்பட்டது. கேள்வி கேட்கவும் ஒப்பந்தத்தை முறிக்கவும் வாடிக்கையாளருக்கு உரிமை இருக்கிறது. விளம்பரத்தால் வாழும் கருவியிடம் அவர் வாடிக்கையாளரே அல்லர். இரண்டாவது மறுப்பு: வெளியார் கருவிகள் இல்லாவிட்டால் தமிழ் இணையமே வளர்ந்திருக்காது என்பது. தேனீ எழுத்துருவும் தமிழ்மணப் பட்டையும் இதை மெய்ப்பிக்கின்றன. எனினும் அவை வளர்த்தது வாசகரைப் பின்தொடர்ந்து அன்று; ஆகவே இந்த மறுப்பு வெளியார் கருவி வேண்டும் என்பதற்குச் சான்றாகுமே தவிர, பின்தொடர்வு வேண்டும் என்பதற்கு ஆகாது. மூன்றாவது: சிறிய தளத்துக்காரரால் கட்டணம் தர இயலாது என்பது. இதுவே கனமான மறுப்பு. இதற்கான விடையைக் குற்றாலத்தின் நடைமுறைத் தேவையிலிருந்து காணலாம்.

சிறிய தளத்துக்கு எது தேவை

குற்றாலத்தில் விடுதியோ உணவகமோ நடத்துபவர், சாரல் காலமான ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான பருவத்தை நம்பித் தளம் வைப்பதாகக் கொள்வோம். முதலில் நினைவுக்கு வரும் கருவி வானிலைப் பலகை. அது காட்டுவது தென்காசி நகரத்தின் வெப்பமும் மழையும். குற்றாலத்தின் பேரருவிக்கு நீர் தருவதோ மேலே மலையில் பெய்யும் மழையும் சிற்றாறும். ஊரில் வெயிலடிக்கும்போதே அருவியில் வெள்ளம் வரலாம். 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் வந்து ஒரு சிறுவன் உயிரிழந்தான். அருவியில் குளிக்க அனுமதி உண்டா என்பதை நிர்வாகமும் காவல்துறையுமே முடிவு செய்கின்றன. எந்த வெளிநாட்டு வானிலைப் பலகைக்கும் அது தெரியாது. அந்தச் செய்தியைத் தினமும் காலையில் தளத்துக்காரரே ஒரு வரியாக எழுதுவது எந்தக் கருவியையும்விடப் பயனுள்ளது. வரைபடத்தைப் பொருத்துவதற்குப் பதில் வழிகாட்டும் இணைப்பு ஒன்று போதும். வாட்ஸ்அப் பெட்டிக்குப் பதில் எண்ணைச் சுட்டும் சாதாரண இணைப்பு போதும். அருவிக் காணொளியை வாசகர் அழுத்தினால் மட்டும் இறங்கும்படி வைக்கலாம். இவை எதற்கும் காசு தேவையில்லை.

எழுத்துருவும் இந்த வரலாற்றில் மீண்டும் வருகிறது. கூகுளின் எழுத்துருவை அதன் வழங்கியிலிருந்து நேராக அழைத்ததால் வாசகரின் முகவரி வெளியே போனதென்று, 2022 ஜனவரியில் ஜெர்மனியின் மியூனிக் நீதிமன்றம் ஒரு தளத்துக்காரரை 100 யூரோ இழப்பீடு தரச் சொன்னது. காட்டமரன், முக்தா மலர், ஹிந்த் மதுரை போன்ற தமிழ் எழுத்துருக்கள் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. இறக்கித் தம் தளத்திலேயே வைத்துக்கொள்ளத் தடையில்லை. விருப்பப் பொத்தானைப் பொருத்தியவரும் தகவல் திரட்டலுக்குக் கூட்டுப் பொறுப்பாளியே என்று 2019 ஜூலையில் ஐரோப்பிய நீதிமன்றம் கூறியிருந்தது. இந்தியாவின் 2023ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், தனித்தோ பிறருடன் சேர்ந்தோ தரவின் நோக்கத்தை முடிவு செய்பவரையே பொறுப்பாளியாக்குகிறது. 'நான் வெறும் நிரலை ஒட்டினேன்' என்ற விடைக்கு இனி நீண்ட ஆயுள் இருக்காது.

முடிவுரை

இந்த வரலாறு மூன்று கேள்விகளைத் தருகிறது. கருவியின் செலவை யார் ஏற்கிறார்? அதன் நிரல் எங்கிருந்து இயங்குகிறது? நாளை அது நின்றுபோனால் என்னுடைய எழுத்தில் எது மிஞ்சும்? முதல் கேள்விக்கு 'வாசகர்' என்று விடை வந்தால் அந்தக் கருவி தேவையில்லை. இரண்டாவதற்கு 'வெளியிலிருந்து' என்று வந்தால் அதைத் தன் வழங்கிக்குக் கொண்டுவர முடியுமா என்று பார்க்க வேண்டும். மூன்றாவதற்கு விடை தெரியாவிட்டால் மறுமொழிகளின் நகலை இன்றே எடுத்துவைக்க வேண்டும். தமிழில் தளம் நடத்துவோர் தம் சைட்பாரில் உள்ள ஒவ்வொரு நிரலையும் ஒருமுறை இந்தக் கேள்விகளுக்கு உட்படுத்தி, தேறாதவற்றை நீக்கிவிட வேண்டும். நம்மை நம்பி வரும் வாசகருக்கு அது நாம் செய்ய வேண்டிய கடமை.