கடனை வசூலிக்க ஆகும் செலவு: இந்தியாவும் சிங்கப்பூரும்

சரக்கு கொடுத்தாகிவிட்டது, பணம் வரவில்லை. கையில் ஒப்பந்தம் இருக்கிறது. வழக்குப் போட்டால் எவ்வளவு செலவாகும்? இந்தக் கேள்விக்கு இந்தியாவிலும் சிங்கப்பூரிலும் கிடைக்கும் பதில்கள் வேறு வேறு. இத்தனைக்கும் இரண்டு நாடுகளும் ஒரே இடத்திலிருந்து கிளம்பியவை.

சிங்கப்பூர் 1867 வரை இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் ஆட்சியின் கீழ்தான் இருந்தது. அது பிரிந்து ஐந்து வருடம் கழித்து, 1872ல் இந்திய ஒப்பந்தச் சட்டம் வந்தது. ஆங்கிலேயப் பொதுச் சட்டத்தின் கொள்கைகளைத்தான் அது பெரும்பாலும் எழுத்தில் தொகுத்தது. சிங்கப்பூர் அந்தப் பொதுச் சட்டத்தையே வைத்துக்கொண்டது. ஆகவே சட்டத்தில் பெரிய வித்தியாசம் இல்லை.

இப்போது கணக்குக்கு வருவோம். உலக வங்கியின் 'டூயிங் பிசினஸ் 2020' அறிக்கைப்படி, ஒப்பந்த வழக்கு ஒன்றை முடித்துப் பணத்தை வாங்க சிங்கப்பூரில் 164 நாள், இந்தியாவில் 1,445 நாள். வக்கீல் கட்டணம், நீதிமன்றக் கட்டணம் எல்லாம் சேர்த்து, கேட்கும் தொகையில் சிங்கப்பூரில் 25.8 சதவீதம், இந்தியாவில் 31 சதவீதம். இந்தியாவுக்கு மும்பையும் டெல்லியும் மட்டுமே கணக்கில் எடுக்கப்பட்டன. சில நாடுகளின் தரவுகளில் முறைகேடு தெரியவந்ததால் 2021ல் இந்த அறிக்கையே நிறுத்தப்பட்டது. எனவே இவற்றைத் தோராயமாகவே கொள்ள வேண்டும்.

சதவீதத்தை மட்டும் பார்த்தால் வித்தியாசம் சிறியது. விஷயமே நாட்களில்தான் இருக்கிறது! 10 லட்சம் வரவேண்டிய வியாபாரி, அந்தப் பணத்துக்கு ஈடாக 12 சதவீத வட்டிக்குக் கடன் வாங்கியிருப்பதாக வைத்துக்கொள்வோம். 164 நாளுக்கு வட்டி சுமார் 54 ஆயிரம். 1,445 நாளுக்கு சுமார் 4.75 லட்சம். வழக்குச் செலவையும் சேர்த்தால் அங்கே 3.12 லட்சம் போகும், இங்கே 7.85 லட்சம் போகும். தீர்ப்பில் வட்டி கிடைக்கலாம். ஆனால் அதுவரை கடையைத் திறந்து வைத்திருக்க வேண்டுமே?

சிங்கப்பூரிலும் 1990 வாக்கில் வழக்குகள் தேங்கித்தான் கிடந்தன. அந்த ஆண்டு தலைமை நீதிபதியான யோங் புங் ஹவ் வாய்தாக்களைக் கட்டுப்படுத்தினார். நீளும் விசாரணைக்கு நாள் கணக்கில் கட்டணம் வந்தது. பிறகு மின்னணு முறையில் மனு தாக்கல் செய்வதும் வந்தது.

இந்தியாவும் சும்மா இருக்கவில்லை. 2002ல் நடைமுறைக்கு வந்த உரிமையியல் நடைமுறைச் சட்டத் திருத்தம், பிரதிவாதி பதில் தர அதிகபட்சம் 90 நாள் என்றது. சேலம் வக்கீல் சங்கம் தொடுத்த வழக்கில் 2005ல் உச்ச நீதிமன்றம், விதிவிலக்கான நிலையில் அதற்கு மேலும் அனுமதிக்கலாம் என்றது. 2015ல் வணிக நீதிமன்றச் சட்டம் 120 நாளை உறுதியான எல்லையாக வைத்தது. ஆனால் 1987லேயே சட்ட ஆணையம் பத்து லட்சம் பேருக்கு 50 நீதிபதிகள் வேண்டும் என்று சொல்லியிருந்தது. அந்த எண்ணிக்கையை இந்தியா இன்னும் எட்டவில்லை.

ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்கள். பெரிய நிறுவனம் நான்கு வருடம் காத்திருக்கும். சிறு வியாபாரியோ பாதித் தொகைக்குச் சமரசம் செய்துகொள்வார், அல்லது தெரிந்தவருக்கு மட்டுமே கடன் கொடுப்பார். வழக்குக்கே வராத இந்த நஷ்டம் எந்த அறிக்கையிலும் ஏறுவதில்லை.