பினாங்கில் படம் அச்சிட்ட மதராஸ்காரர் இருவர்

எடின்பரோவில் 1837இல் பிறந்த ஜான் தாம்சன், 1862இல் கிழக்கு நாடுகளுக்குக் கப்பலேறி வந்தார். பினாங்குத் தீவிலும் எதிர்க்கரையில் இருந்த வெல்லெஸ்லி மாநிலத்திலும் பத்து மாதங்கள் தங்கிப் படமெடுத்தார். இன்று மாக் மண்டின் தொழிற்பேட்டை நிற்கும் பட்டர்வொர்த் வட்டாரம் அந்த மாநிலத்துக்குள் அடங்கியதுதான். பின்னாளில் கம்போடியாவின் அங்கோர் கோயில்களையும் சீனத்தின் ஆற்றங்கரைகளையும் படமெடுத்து உலகப் புகழ் பெற்ற தாம்சன், 1875இல் வெளியான தம் பயண நூலில் பினாங்கு நாட்களைப் பற்றி ஒரு செய்தியைப் பதிந்து வைத்தார். மனிதக் கை தொடாமல் மனித உருவம் தாளில் விழுவதை மாயவித்தை என்று அஞ்சிய சீனர்கள் அவரிடம் வேலைக்கு வர மறுத்தார்கள். ஆகவே மதராஸிலிருந்து வந்திருந்த இருவரைப் பிடித்து, படம் அச்சிடவும் உதவிக்கும் அவரே பழக்கினார். அன்று பினாங்கிலிருந்த தென்னிந்தியரில் பெரும்பாலோர் தமிழர். அதை வைத்துப் பார்த்தால் இந்த இருவரும் தமிழராக இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம். இந்து யார், முஸ்லிம் யார், எந்த ஊர் என்பதையெல்லாம் நூல் சொல்லவில்லை. பெயரையும் சொல்லவில்லை. புதிதாகப் படமெடுக்கத் தொடங்கும் ஒருவர் கற்க வேண்டியதில் பெரும்பகுதி இந்த இருவர் செய்த வேலையில் அடங்கியிருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அவர்கள் செய்த வேலை எப்படிப்பட்டது என்று முதலில் பார்க்க வேண்டும். ஃபிரடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் 1851இல் வெளியிட்ட ஈரக் கொலோடியன் முறைதான் அப்போது வழக்கில் இருந்தது. கண்ணாடித் தகட்டில் பசைபோன்ற கொலோடியனை ஊற்றிப் பரப்பி, வெள்ளி நைட்ரேட் கரைசலில் முக்கி, ஈரம் காயும் முன்பே படமெடுத்து, உடனே இருட்டில் கழுவியும் ஆக வேண்டும். பினாங்கு வெயிலில் அந்த ஈரம் சில நிமிடங்களே நிற்கும். வெளியிடத்துக்குப் போனால் இருட்டறையைக் கூடாரமாகச் சுமந்து போக வேண்டும். படம் எடுத்த பிறகு அச்சு வேலை தொடங்கும். முட்டை வெண்கரு பூசிய தாளை வெள்ளிக் கரைசலில் மிதக்கவிட்டு உலர்த்தி, கண்ணாடித் தகட்டோடு சேர்த்துச் சட்டத்தில் பூட்டி வெயிலில் வைப்பார்கள். தாள் மெல்லக் கருக்கும். சட்டத்தின் பின்கதவைத் திறந்து திறந்து பார்த்து, முகம் தெளிந்து நிழல் அடைத்துப்போகாத அந்தக் கட்டத்தில் எடுத்துவிட வேண்டும். மேகம் மறைத்தால் கூடுதல் நேரம், உச்சி வெயிலென்றால் குறைந்த நேரம். இதற்குக் கடிகாரமோ கணக்கோ உதவாது. கண் பழகியிருக்க வேண்டும். பிறகு தங்க உப்பில் நிறமேற்றி, ஹைப்போ கரைசலில் நிலைநிறுத்தி, நீர் மாற்றி மாற்றி அலச வேண்டும். வெளிச்சம் ஒரு முகத்தை என்ன செய்கிறது என்பதை அந்த இருவரும் நாள்தோறும் கையில் பிடித்துப் பார்த்தார்கள். கருவியின் விலையையும் வில்லையின் தரத்தையும் பற்றியே பேசும் இன்றைய தொடக்கக்காரருக்கு இந்தப் பழக்கம்தான் குறைவு.

அந்த முறையின் சிரமங்கள் படத்துக்கு இரண்டு நன்மைகளைச் செய்தன. ஒரு தகட்டுக்கு இவ்வளவு உழைப்பு என்னும்போது, எடுப்பவர் எங்கே நிற்பது, எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதையெல்லாம் வில்லையின் மூடியைத் திறக்கும் முன்பே முடிவு செய்தாக வேண்டும். படத்தில் நிற்பவரும் சில நொடிகள் அசையாமல் இருக்க வேண்டும். அவர் இசையாமல் அது நடக்காது. ஆகவே ஒவ்வொரு உருவப்படமும் இருவர் சேர்ந்து செய்த காரியமாக ஆயிற்று. தாம்சன் இங்கே பழகிய இந்த நிதானத்தைக் கடைசிவரை விடவில்லை. 1877, 1878 ஆண்டுகளில் அடால்ஃப் ஸ்மித்துடன் சேர்ந்து லண்டன் தெருவோர மக்களைப் பற்றி அவர் வெளியிட்ட தொகுப்பில் பூ விற்கும் பெண்களும் செருப்புத் துடைப்பவர்களும் தங்கள் வேலைக்கும் பொருளுக்கும் நடுவே நிற்கிறார்கள். பார்ப்பவர் கண் அந்தப் படங்களில் தங்குவதற்குக் காரணம், அவர்களைச் சுற்றி என்ன இருக்க வேண்டும் என்பதை ஒருவர் யோசித்து வைத்திருக்கிறார் என்பதே.

பழைய படங்கள் பழமையால்தான் நம்மைக் கவர்கின்றன, எடுத்தவர் திறமையால் அல்ல என்று ஒருவர் மறுக்கலாம். இதைச் சோதிக்கப் பினாங்கிலேயே சான்று உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்நகரில் பட அஞ்சலட்டை வணிகம் செழித்தது. வெளியிட்டவர்களில் ஒருவரின் பெயர் அட்டைகளில் எஸ். எம். மாணிக்கம், பினாங்கு என்று ஆங்கிலத்தில் அச்சாகியிருக்கும். படம் அச்சிடும் கூலிகளாகத் தமிழருக்குப் படக்கலையோடு தொடங்கிய உறவு, அரை நூற்றாண்டுக்குள் தமிழ்ப் பெயரோடு படம் வெளியிடும் வணிகமாக வளர்ந்ததற்கு அதுவே சாட்சி. அக்கால அட்டைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் எல்லாமே ஏறக்குறைய ஒரே வயதுடையவை. அரசுக் கட்டடங்களை எட்ட நின்று நேராக எடுத்த அட்டையை ஒரு முறை பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போகிறோம். துறைமுகத்தில் சாமான் இறக்குபவர்களும் மாட்டுவண்டிக்காரர்களும் தெருவோரக் கடைக்காரர்களும் உள்ள அட்டையில் நின்றுவிடுகிறோம். வயது ஒன்றாக இருந்தும் ஈர்ப்பு வேறுபடுகிறது என்றால் காரணம் வேறு இடத்தில் இருக்கிறது. எடுத்தவர் எவ்வளவு அருகில் போனார், அந்த நேரத்தில் அங்கே என்ன நடந்துகொண்டிருந்தது என்ற இரண்டுமே அந்த வேறுபாட்டைச் செய்கின்றன.

இரண்டாவது மறுப்பு இதைவிட வலியது. அந்தப் படங்கள் ஆள்பவரின் கண்ணால் எடுக்கப்பட்டவை. தமிழரையும் மலாய்க்காரரையும் சீனரையும் மனிதர்களாகக் காட்டாமல் இனத்தின் மாதிரிகளாகக் காட்டியவை. அவற்றிடம் போய்ப் பாடம் கேட்கலாமா? இந்தக் குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. அஞ்சலட்டைகளின் கீழே இனப்பெயரும் தொழிற்பெயரும் மட்டுமே அச்சாயின. வெல்லெஸ்லி மாநிலத்துக் கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாக உழைத்த தமிழர்களின் முகங்கள் பெயரின்றியே படங்களில் நிற்கின்றன. நிறத்திலும் ஓர் அநீதி நேர்ந்தது. கொலோடியன் நீல ஒளிக்குத்தான் இளகும். சிவப்புக்கும் மஞ்சளுக்கும் ஏறக்குறைய குருடு. அதனால் வானம் வெள்ளையாக வெளிறியது, பழுப்புத் தோல் உள்ளதைவிடக் கறுத்து விழுந்தது. பின்னாளில் வண்ணப் படம் வந்தபோதும் கோடாக் நிறுவனம் தன் நிற அளவுக்கு வெள்ளைப் பெண்களின் படங்களையே நெடுங்காலம் மாதிரியாக வைத்திருந்தது. ஆகவே நிதானம் மட்டும் மதிப்பாகிவிடாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த மறுப்பு என் வாதத்தைத் தள்ளிவிடவில்லை, அதற்கு இன்னோர் அங்கத்தைச் சேர்க்கிறது. கூர்ந்து பார்ப்பதோடு, பார்க்கப்படுபவர் யார் என்று அறிவதும் படக்கலையின் பகுதியாக வேண்டும். நம் தோலின் நிறத்தைக் கருவி தானாகச் சரியாகக் காட்டும் என்று நம்பிவிடவும் கூடாது. கைப்பேசியில் முகத்தின்மேல் விரல் வைத்து வெளிச்ச அளவை அங்கே நிறுத்துவது சின்ன வேலைதான். கறுத்த முகத்தை வெள்ளைச் சுவருக்கு முன்னால் நிறுத்தி இருளாக்கிவிடும் தவறு அதனால் தவிரும்.

மூன்றாவது மறுப்பு நம் காலத்தது. படம் இன்று செலவின்றி எடுக்கலாம். நூறு எடுத்துத் தொண்ணூற்றொன்பதை அழிக்கலாம். எடுத்து எடுத்துத்தான் கற்க முடியும். பிறகு பழைய நிதானம் எதற்கு? இதற்கு விடை சொல்ல 1888க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு ஜார்ஜ் ஈஸ்ட்மன் கொண்டுவந்த கோடாக் பெட்டியில் நூறு படங்களுக்கான சுருள் இருந்தது. எடுத்து முடித்ததும் பெட்டியையே நிறுவனத்துக்கு அனுப்பினால் அச்சிட்டுத் திருப்பித் தருவார்கள். 1900இல் ஒரு டாலருக்கு அதே நிறுவனத்தின் பிரௌனிப் பெட்டி வந்தது. படமெடுப்பது வசதியானவர் கையிலிருந்து எளியவர் கைக்கும் வந்தது. இந்த நன்மையை யாரும் குறைத்துச் சொல்லக் கூடாது. மலாயாவில் 1948இல் அவசரகாலத்தை ஒட்டிப் படமும் பெருவிரல் ரேகையும் பதிந்த அடையாள அட்டை கட்டாயமாயிற்று. தன் முகத்தை அரசாங்கம் கேட்ட கோணத்தில் மட்டுமே கண்ட தொழிலாளியின் பேரப்பிள்ளை இன்று விரும்பியபடி படமெடுக்கிறான் என்றால் அது பெரிய விடுதலை. ஆனாலும் ஈஸ்ட்மனின் ஏற்பாட்டில் ஓர் இழப்பும் சேர்ந்தே வந்தது. எடுப்பவர் ஒருவர், அச்சிடுபவர் இன்னொருவர் என்று ஆனபோது, தான் செய்த முடிவின் விளைவைக் கூர்ந்து பார்க்கும் கட்டாயம் எடுப்பவருக்கு இல்லாமல் போயிற்று. நூறு படம் எடுப்பதால் மட்டும் கல்வி வராது. அந்த நூற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இது ஏன் தங்கியது, அது ஏன் போயிற்று என்று கேட்கும்போதுதான் வரும். எண்ணிக்கை இன்று நமக்குக் கிடைத்திருக்கும் வசதி. அச்சுச் சட்டத்தைத் திறந்து பார்த்த அந்த இருவரின் கண்ணை அதனோடு சேர்த்துக்கொண்டால் பழையவரைவிட விரைவாகவே கற்கலாம்.

ஜார்ஜ்டவுன் 2008இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய நகரமானது. 2012இல் லித்துவேனிய ஓவியர் எர்னஸ்ட் சக்கரேவிச், ஆர்மேனியன் தெருச் சுவரில் உண்மையான மிதிவண்டி ஒன்றைப் பதித்து இரண்டு குழந்தைகள் ஓட்டுவதுபோல வரைந்தார். அன்றிலிருந்து அந்தச் சுவருக்கு முன்னால் வரிசை நிற்கிறது. ஓவியம் அழகானது, வருபவர் நினைவுக்குப் படம் எடுப்பதிலும் தவறில்லை. ஆனால் அந்தப் படத்தில் எங்கே நிற்பது, எதைப் பார்ப்பது என்ற முடிவுகளையெல்லாம் ஓவியர் முன்பே எடுத்துவிட்டார். கற்க வந்தவருக்கு அங்கே மிச்சமிருப்பது குறைவு. சில தெரு தள்ளி, பினாங்குத் தெருவிலும் மார்க்கெட் தெருவிலும் கடைகளுக்கு முன்னால் ஓடும் ஐந்தடி நடைபாதையில் அவருக்கு நிறைய இருக்கிறது. பூமத்திய ரேகைக்கு ஐந்து பாகை வடக்கே உள்ள இந்த ஊரில் நண்பகல் வெயில் தலைக்கு மேலிருந்து இறங்கிக் கண்குழிகளைக் கறுப்பாக்கிவிடும். நடைபாதையின் கூரைக்கு அடியிலோ, தெருவின் வெளிச்சம் பக்கவாட்டில் மென்மையாக வந்து முகத்தின் ஒரு பாதியை விளக்கி மறு பாதியை மெல்லத் தாழ்த்தும். பழைய படக்கூடங்கள் கண்ணாடிக் கூரையும் திரையும் வைத்துத் தேடியதை இந்தக் கடைத்தெரு இலவசமாகத் தருகிறது. பூ கட்டுபவரை, மசாலா அளப்பவரை கேட்டு அங்கே நிற்கவைத்து எடுக்கலாம். இரண்டடி முன்னே போகலாம். கை வேலைக்குத் திரும்பும்வரை காத்திருக்கலாம்.

பாரம்பரியப் பட்டம் பெற்ற தெருக்களில்தான் படம் இருக்கிறது என்பதும் இல்லை. நீரிணைக்கு இப்பால் மாக் மண்டினில் தொழிற்சாலைகள் இருக்கின்றன, தமிழ்ப்பள்ளி இருக்கிறது, வேலை முறை முடிந்து வீடு திரும்பும் மனிதர்கள் இருக்கிறார்கள். பயணிகள் இங்கே படமெடுக்க வருவதில்லை. அதனாலேயே எங்கே நிற்பது என்று யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். எடுப்பவரே முடிவு செய்ய வேண்டியிருக்கும். இங்கே வாழ்பவருக்கு இன்னொரு வசதியும் உண்டு. எந்த வாசலில் எந்த நேரத்தில் வெயில் விழும் என்று தெரியும். அந்த வாசலில் உட்கார்ந்திருப்பவரின் பெயரும் தெரியும். பத்து மாதம் தங்கிய தாம்சனுக்கும் இது முழுதாகக் கிடைத்திராது.

எனவே புதிதாகப் படமெடுக்க வரும் இளைஞர்களிடம் கேட்பது ஒன்றுதான். புதிய கருவி வாங்கும் முன், மாதம் ஒரு படத்தையாவது தாளில் அச்சிட்டு எடுங்கள். வெளிச்சத்தில் பிடித்து நிதானமாகப் பாருங்கள். பிறகு அதன் பின்புறம் படத்தில் இருப்பவரின் பெயரையும் ஊரையும் தேதியையும் எழுதி, ஒரு பிரதியை அவருக்கே கொடுங்கள். பினாங்கில் அன்று படம் அச்சிட்ட மதராஸ்காரர் இருவரின் பெயரை எழுத ஒரு வரி போதுமானதாக இருந்திருக்கும். அந்த வரி எழுதப்படவில்லை.