கல்லில் நிற்கும் நாய்

லயத்தில் நாய்க்குட்டி ஒன்று வந்துவிட்டால், “இது என்ன சாதி?” என்றுதான் நம் பிள்ளைகள் முதலில் கேட்கிறார்கள். தமிழகத்தில் காவலுக்கு இராசபாளையம், வேட்டைக்குச் சிப்பிப்பாறை எனச் சாதி நாய்கள் உண்டு. இராசபாளையம் நாய்க்கு 2005இல் இந்தியா தபால்தலையே வெளியிட்டது.

அதற்கும் முன்னே, 7ஆம் நூற்றாண்டில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்தில் ஒரு நாய் கல்லில் இடம்பெற்றுவிட்டது. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், தன் எருமைகளைக் காக்கப் போரிட்டு ஒரு வீரன் மாண்டான். அவனுடைய நாய் கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்றது. ஊரார் வீரனுக்கு நடுகல் எடுத்தபோது, அந்த நாயையும் அதில் செதுக்கி, ‘கோவிவன்’ என்ற அதன் பெயரையும் பொறித்தார்கள்.

கோவிவன் என்ன சாதி? கல்லில் அது இல்லை. செய்த காரியம் மட்டுமே இருக்கிறது. பிள்ளைகள் அடுத்த முறை கேட்கும்போது, நாம் இந்தக் கதையைச் சொல்வோம்.